பூவாடைக்காரிக்கு ஒரு பரீட்சை

என் வீட்டுக்காரர் பன்னீர்செல்வத்துக்கு நான் இரண்டாம் தாரம். இதைச் சொன்னதும் உச் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். மூத்தவள் காசியம்மாள் மஞ்சள் காமாலை கண்டு போய்ச் சேர்ந்தாள். மூன்று வயதில் தேவிப்ரியா என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. மறு வருஷமே, எண்பத்தொன்பதில், என்னைக் கட்டிவைத்தார்கள். எனக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக நான் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவும் இல்லை. வீட்டில் இரண்டு தறி ஓடியது, அழ நேரம் ஏது?

சேவூரில் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் என்னை விளக்கேற்றச் சொன்னது காசியம்மாள் படத்துக்குத்தான். சுமங்கலியாகப் போன பெண் எங்கள் பக்கத்தில் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. பூவாடைக்காரியாகி அந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். வருஷம் தவறாமல் அவளுக்குப் படையல் போட்டுப் புதுப் புடவை வைக்க வேண்டும். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளைக் கூப்பிட்டு உத்தரவு கேட்க வேண்டும். எனக்கு இதிலெல்லாம் ஆட்சேபணை கிடையாது. என் ஓர்ப்படியாக நினைத்து அக்கா என்றே கூப்பிட்டேன். தறியில் உட்கார்ந்தால் கையும் காலும்தான் வேலை செய்யும், வாய் சும்மாதானே கிடக்கும்? சாம்பாரில் உப்புக் கூடிப்போனதிலிருந்து அவர் ஆரணிக்குப் போய்விட்டு நேரத்துக்கு வராதது வரைக்கும் எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்வேன். சண்டையும் போடுவேன். அவளிடம் பேசிய அளவுக்கு நான் வேறு யாரிடமும் பேசியதில்லை. ஒரு தடவைகூட பதில் வந்ததில்லை.

கேள்வியை முதலில் கிளப்பியது ப்ரியாதான். அப்போது அவளுக்கு ஐந்து வயது இருக்கும்.

"யம்மா, நீ பேசறது போட்டோம்மாவுக்குக் கேக்குமா?"

பெற்றவளை அவள் போட்டோம்மா என்றுதான் சொல்லுவாள். ஆமாம் கேட்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல எனக்கு வராது.

"தெர்லயேடி" என்றேன்.

"எப்டி தெரிஞ்சிக்கறது?"

நியாயமான கேள்வி. ஒருத்தி இருந்தாள், சிரித்தாள், கோபப்பட்டாள், இந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்தாள். உடம்பைக் கொண்டுபோய் எரித்தாகிவிட்டது. அந்தச் சிரிப்பும் கோபமும் எங்கே போயின? எங்கேயாவது இருந்தால், நான் அவள் பிள்ளையை வளர்ப்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் இத்தனை நாளாகச் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டில் ஒன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றிய ஆசை பிறகு என்னை விடவே இல்லை.

நானும் ப்ரியாவும் சேர்ந்து பரீட்சை வைக்க ஆரம்பித்தோம். ஒரு தீப்பெட்டியைப் படத்துக்கு முன்னால் பலகையில் நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். "அக்கா, நீ இங்கதான் கீறன்னா இத்த சாய்ச்சி வுடு" என்றேன். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் மத்தியானம் பார்த்தால் விழுந்து கிடக்கிறது. ப்ரியா தெருவெல்லாம் ஓடிச் சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலம் அவர் வந்து பார்த்துவிட்டு, "தறிச் சுவத்துல பலகையை அடிச்சிக்கீது. நீ தறி அடிக்கிற அடிக்கு வூடே ஆடுது, தீப்பெட்டி ஆடாதா?" என்றார். அதுவும் நியாயம்தான். படத்தை எடுத்துச் சமையலறைப் பக்கம் மாட்டினோம். அதன் பிறகு தீப்பெட்டி விழவே இல்லை.

இன்னொரு தடவை குழந்தையின் வெள்ளிக் கொலுசு ஒன்று காணாமல் போனது. கனவில் வந்து இடத்தைக் காட்டச் சொல்லி அக்காவிடம் கேட்டேன். கனவு வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து அரிசிப் பானைக்குள் கொலுசு கிடைத்தது. "பாத்தியா, காசிதான் காட்டிக் குடுத்தா" என்று அவர் கண்கலங்கினார். "அரிசி தீந்து பூட்ச்சி, அதான் கண்ணுக்குத் தெரிஞ்சிது" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு வீட்டில் சயின்டிஸ்ட் என்று பட்டப் பெயர்.

எங்கள் தெருவில் ராமதாஸ் வீட்டுக் கல்யாணத்துக்குப் பூவாடைக்காரியைக் கூப்பிட்டபோது நான் முன்வரிசையில் போய் நின்றேன். ஒரு பூவை மஞ்சள் துணியில் முடிந்து பானைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். பம்பை அடித்துக் கூப்பிட்டதும் யார் மேலாவது அவள் வந்து இறங்குவாள். முடிச்சுக்குள் என்ன பூ என்று அவள் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் வந்தது அவளேதான். தப்பாகச் சொன்னால் வேறு ஏதோ காற்று. இப்படி ஒரு முறையை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் என்னைப் போன்ற ஆளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அன்றைக்கு ஒன்றைக் கவனித்தேன். முடிச்சில் என்ன இருக்கிறது என்று பம்பைக்காரருக்கு முன்கூட்டியே தெரியும். அவர் பூக்களின் பேரையெல்லாம் வரிசையாகப் பாடிக்கொண்டு வருகிறார். மல்லி, முல்லை, சம்பங்கி என்று சாதாரணமாக அடித்துக்கொண்டு வந்தவர், கனகாம்பரம் வந்ததும் அடியை இரட்டிப்பாக்கினார். ஆடிக்கொண்டிருந்த பெண்ணும் "கனகாம்பரம்!" என்று கத்தினாள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்த மனிதர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். பேர் வந்ததும் அவர் கை தானாகத் துள்ளியிருக்கலாம். ஆனாலும் அது பரீட்சை இல்லை.

அதனால், இரண்டாயிரத்து ஐந்து தை மாதத்தில் ப்ரியாவுக்குக் கல்யாணம் முடிவானதும் நான் முதலில் யோசித்தது நகையைப் பற்றியோ சமையல்காரரைப் பற்றியோ அல்ல. மாப்பிள்ளை ஹேமநாத் ஆரணிப் பையன். துபாயில் ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்கென்று லீவில் வந்திருந்தான். தை கடைசியில் கிளம்ப வேண்டும், திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும். பெண்ணுக்கும் அவனை ரொம்பப் பிடித்திருந்தது. நல்லது, நடக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் அக்காவைக் கூப்பிட வேண்டும், முடிச்சுப் போட வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

சந்தவாசலிலிருந்து பம்பை அய்யாக்கண்ணுவை ஏற்பாடு செய்தார்கள். அவர் அட்வான்ஸ் வாங்க வந்தபோதே சொல்லிவிட்டேன்.

"முடிச்ச நான்தான் போடுவேன். உங்ககிட்டகூட சொல்ல மாட்டேன். நீங்க பூ பேர வரிசையா பாடவும் கூடாதுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா, போலீஸ் கேஸ் மாதிரி பேசறீங்க."

"அவ எங்க அக்கா. வந்தா அவளே வரணும், வேற யாரையும் நான் வூட்டுக்குள்ள சேக்க மாட்டேன்."

"உங்க இஷ்டம். ஆனா ஒன்னு சொல்ட்டேன். மூணு வாட்டிதான் கேப்பேன். மூணும் தப்புன்னா பானையைக் கவுத்துட்டுப் போய்கினே இருப்பேன்" என்றார்.

கூப்பிடும் நாள் காலையில் எல்லோரும் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கொல்லைக்குப் போனேன். யாரும் ஊகிக்க முடியாத பூவாக இருக்க வேண்டும். மல்லியும் சாமந்தியும் எவர் வாயிலும் முதலில் வரும். வாசனை உள்ள பூ காட்டிக்கொடுத்துவிடும். பந்தலில் அவரை கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. அவரைப்பூவை யார் பூவென்று கணக்கில் சேர்க்கிறார்கள்? ஒரு பூவைக் கிள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. "அக்கா, நீ பாத்திருப்ப. பாத்திருந்தா சொல்லு" என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போது மயிர்க்கூச்செறிந்தது.

வயலுக்கு நடுவில் இருக்கும் எங்கள் பங்காளியின் பம்ப்செட் கிணற்றடியில்தான் கூப்பிடுவது. புதுப் பானையில் கிணற்றுத் தண்ணீர் மொண்டு மஞ்சள் கலந்து, வாயில் வேப்பிலை செருகி வைத்தார்கள். நான் பானைக் கழுத்தில் முடிச்சைக் கட்டினேன். பானைக்கு முன்னால் அக்காவுக்குப் புடவை. கல்யாணப் பெண் ஈரத் தலையோடு பானைக்குப் பின்னால் நின்றாள். விடிந்ததிலிருந்து யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அய்யாக்கண்ணு பம்பையில் கை வைத்ததும் திரீ பேஸ் கரண்ட் வந்து மோட்டார் திடுமென்று ஓட ஆரம்பித்தது. ஒருவர் ஓடிப்போய் அதை நிறுத்தினார். மறுபடி ஆரம்பிக்கும்போது யாருடைய செல்போனோ அடித்தது. அக்கா வருவதாக இருந்தாலும் இந்தக் கூத்தைப் பார்த்துத் திரும்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பம்பை பிடித்துக்கொண்டதும் விளையாட்டெல்லாம் போய்விட்டது. அய்யாக்கண்ணுவுக்கு அப்படி ஒரு குரல். "தாலியோட போனவளே, தண்ணி வழியா வாடியம்மா" என்று அவர் அழைத்தபோது பன்னீர்செல்வம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பதினாறு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவர் இன்னொருத்திக்காக அழுகிறார், எனக்குக் கோபம் வரவில்லை. வந்துவிடு அக்கா, வந்துவிடு என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

முதலில் ஆடியது முனியம்மாள். காசியம்மாளின் கூடப்பிறந்த அக்கா, தேவிகாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தவர். கூந்தல் அவிழ, கண் செருக, சுற்றிச் சுற்றி வந்து புடவைக்கு முன்னால் நின்றார்.

"யாரு வந்துகீற?" என்றார் அய்யாக்கண்ணு.

"காசி வந்துகீறேன்டா!"

"இன்னா கொற உனக்கு?"

"வருசா வருசம் டேமேஜ் பொடவைய வெச்சி என்ன ஏமாத்துறாடா! எனக்கு இன்னா கொறச்சல்? நான் இன்னா பிச்சக்காரியா?"

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. எங்கள் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். விஷயம் இதுதான். தறி வீட்டில் நல்ல புடவை தங்காது. அது முதலாளி கடைக்குப் போய்விடும். இழை விட்டது, ஜரிகை எகிறியது என்று கடையில் தள்ளிவிடுகிற புடவைதான் வீட்டுக்குத் திரும்பி வரும். எங்கள் தெருவில் கல்யாணத்துக்கு வந்து பார்த்தீர்களானால் பட்டாகத்தான் மினுங்கும், எல்லாம் டேமேஜ். நான் கட்டுவதும் அதுதான், அக்காவுக்கு வைத்ததும் அதுதான். அவளும் தறிக்காரன் பெண்டாட்டிதானே, புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். ஆனால் இது முனியம்மாளுக்குத் தெரிந்த விஷயம். போன வருஷப் படையலுக்கு வந்தபோது புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முந்தானையில் இழை விட்டிருப்பதைக் காட்டி முகத்தைச் சுளித்தவர் அவர். அதனால் நான் அசையவில்லை.

"முடிச்சுல இன்னா பூ? சொல்லு."

"மல்லி."

நான் தலையாட்டினேன், இல்லை என்று. மறுபடி பம்பை. மறுபடி கேள்வி.

"சாமந்தி."

இல்லை. முனியம்மாள் தலையை அறைந்துகொண்டு இன்னும் வேகமாக ஆடினார். அவர் நடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தங்கையை நினைத்து நினைத்துப் பதினேழு வருஷமாக மனசுக்குள் அடைத்துவைத்திருந்தது, பம்பைச் சத்தத்தில் உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. பாவம், அது முனியம்மாளேதான்.

"ரோஜா" என்றார் மூன்றாம் தடவை.

நான் தலையாட்டியதும் அய்யாக்கண்ணு பம்பையை நிறுத்திவிட்டார். முனியம்மாள் சரிந்து விழ, இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டார்கள்.

"வந்தது அந்தம்மா இல்லீங்க. அவங்க வரல" என்றார்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் பழனி முன்னால் வந்தார். குடும்பத்துக்குப் பெரியவர், அவர் சொன்னால் சொன்னதுதான். "உத்தரவு கெடைக்காம தாலி கட்டக் கூடாது. பன்னீரு, மாப்ள வூட்டுக்குச் சொல்லி அனுப்பு. தள்ளி வெச்சிக்கலாம்."

"எப்புடிண்ணா? அந்தப் பையன் இந்த மாசமே பூடுவான். வர ரெண்டு வருசம் ஆவும்" என்றார் அவர்.

"ரெண்டு வருசம் கழிச்சே வெச்சிக்கலாம். இல்லாட்டி வேற எடம் பாக்கலாம். பொண்ணு உசுரு முக்கியமா, ஏசி மெக்கானிக்கு முக்கியமா?"

நான் ப்ரியாவைப் பார்த்தேன். அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிணற்றடியில் அத்தனை பேரிலும் விடை தெரிந்தவள் நான் ஒருத்திதான். தலையை விரித்து நாலு ஆட்டம் ஆடி, அவரைப்பூ என்று சொல்லிவிட்டால் கல்யாணம் நடந்துவிடும். ஆனால் சொல்லிவிட்டால் பரீட்சை அத்தோடு முடிந்தது. அக்கா வர இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டிருந்தால்? வாசல் வரை வந்துவிட்டவள் முன்னால் நானே கதவைச் சாத்தின மாதிரி ஆகாதா? அவள் இருக்கிறாளா என்பது எனக்குச் சாகும்வரை தெரியாமலே போய்விடும். என் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றேன். பிறகு பெண்ணின் முகத்தை இன்னொரு தடவை பார்த்தேன். போகட்டும் என்று கையைத் தூக்கிக் கொண்டையை அவிழ்த்தேன்.

அதற்குள் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். ப்ரியா முட்டி போட்டுச் சேற்றில் விழுந்திருந்தாள். தலை சுழன்றது, ஈரக் கூந்தல் வட்டமாக விசிறியது. கல்யாணப் பெண் மேல் பூவாடைக்காரி வருவது வழக்கம் இல்லை. அய்யாக்கண்ணுவே ஒரு கணம் திகைத்துவிட்டுத்தான் பம்பையைத் தொட்டார்.

"யாரும்மா?"

"காசி."

சின்னக் குரல். கத்தல் இல்லை.

"முடிச்சுல இன்னா பூ?"

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, "அவரப்பூ."

அய்யாக்கண்ணு என்னைப் பார்த்தார். எனக்குத் தலையாட்டக்கூட முடியவில்லை. அவரே முடிச்சைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி எல்லோருக்கும் காட்டினார். கசங்கிப்போன ஊதா நிறப் பூ. கூட்டம் ஓவென்று கையெடுத்துக் கும்பிட்டது. பழனி தரையில் விழுந்தே கும்பிட்டார்.

"புள்ளைக்குக் கல்யாணம். உத்தரவு குடுக்குறியா?"

"குடுத்துட்டேன்."

அவ்வளவுதான். பம்பை உச்சத்துக்குப் போனது. கற்பூரம் கொளுத்தினார்கள், சாம்பிராணிப் புகை மூடியது, எல்லோரும் பானையைத் தூக்குவதில் மும்முரமானார்கள். அப்போதுதான் அதைப் பார்த்தேன். ப்ரியா சேற்றில் உட்கார்ந்தபடியே தன் இரண்டு கையையும் தூக்கித் தன் முகத்தைத் தொட்டாள். நெற்றி, கண், மூக்கு என்று மெதுவாகத் தடவினாள். காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்தாள். பின்னலாக இல்லாத கூந்தலை முன்னால் இழுத்து, அது எதுவரைக்கும் இருக்கிறது என்று நுனி வரை கையால் அளந்தாள். தோளைப் பிடித்துப் பார்த்தாள். நெய்து முடித்த புடவையை மடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை கையால் நீவிப் பார்ப்போமே, அப்படி. பிறகு தன் கன்னத்தைத் தன் கையிலேயே தாங்கிக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லாத அழுகை. நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். அந்தக் கண்கள் என் மேல் ஒரு தடவை பட்டன, நிற்காமல் போய்விட்டன. அடுத்த நிமிஷம் அவள் முனியம்மாள் மடியில் சாய்ந்து கிடந்தாள்.

பானையை வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் வைத்துப் படையல் போட்டு, சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்ப மத்தியானம் தாண்டிவிட்டது. அவர் மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயத்தைச் சொல்ல ஜல்தியாகக் கிளம்பிப் போனார். ப்ரியா தறி ரூமில் பாயைப் போட்டுத் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேராகவே கேட்டேன்.

"இன்னாடி நடந்துது அங்க? நெசமாச் சொல்லு."

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "திட்டக் கூடாது."

"திட்ல."

"பூவ நானாத்தாம்மா சொன்னேன்."

"கொல்லையில பாத்தியா என்ன?"

"எங்க பாத்தேன்? குளிச்சிகினு இருந்தேன். யோசிச்சேன், அவ்ளோதான். நீ காசு குடுத்து வாங்குன பூவ வெக்க மாட்ட, பூக்காரம்மா வெளிய சொல்லிடுவான்னு பயப்படுவ. வாசன அடிக்கிறத வெக்க மாட்ட. பெரிய பூ வெக்க மாட்ட, முடிச்சு உப்பிக்கும். தலையில வெக்கிற பூவே வெக்க மாட்ட, எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்கன்னு. அப்போ கொல்லையில இன்னா கீது? முருங்க, அவர. இதுல எதுன்னு கொஞ்ச நேரம் தெர்ல. அப்பறம் நெனச்சேன், முருங்கையில எட்டிப் பறிக்க உனக்கு இடுப்பு வராது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"எனக்கு ஒரே ஒரு வாட்டிதான்டி கேக்கக் கெடச்சுது. அத்தையும் கெடுத்துட்டியே!"

"கெடுக்காம இன்னா பண்ணச் சொல்ற? நீ கொண்டையை அவுத்துகினு நின்னத நான் பாக்கலியா? நீ ஆடியிருந்தா யாரு நம்பியிருப்பாங்க? முடிச்சு போட்டவளே நீதான. கைகொட்டி சிரிச்சிருப்பாங்க."

அது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. சயின்டிஸ்டாம், பெரிய சயின்டிஸ்ட். என் புத்தியை நினைத்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. என் மண்டைக்குள் என்ன ஓடும் என்று இந்தப் பெண் பார்க்காமலே எழுதிக் கொடுத்துவிடுவாள். அதை நினைத்ததும் ஆத்திரம் பாதி இறங்கிவிட்டது.

"சரி, அது போவட்டும். அதுக்கப்புறம் பண்ணியே, அத்த யாரு சொல்லிக் குடுத்தது?"

"எத?"

"உத்தரவு குடுத்த பொறவு."

"அதுக்கப்பறம் ஒன்னும் இல்லியே. சாம்பிராணி பொகை குபுகுபுன்னு வந்துது, வயத்துல ஒன்னும் இல்ல, தலைய சுத்திச்சு. கண்ணத் தொறந்தா பெரியம்மா மடியில கீறேன். ஏம்மா, இன்னா பண்ணேன்?"

அவள் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். காது சிவந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காது சிவக்கவில்லை.

நான் யோசித்தேன். பட்டினி, புகை, பம்பைச் சத்தம். மயக்கம் வருகிற நேரத்தில் மனுஷன் தன் முகத்தைத் தானே தொட்டுப் பார்ப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. நாலு பேர் எதிரில் பொய்யாக ஆடிய பயத்தில் அழுகையும் வரலாம். இப்படியே அடுக்கிக்கொண்டு போகலாம், எனக்கு அது கைவந்த வேலை. ஆனால் ஒன்று மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. அந்தக் கண் என் மேல் நிற்கவில்லை. ப்ரியா நடித்திருந்தால் முதலில் என்னிடம்தான் வந்திருப்பாள். என் கையைப் பிடித்து, என் பிள்ளையை நல்லா வளர்த்தாய் என்று காசியம்மாள் குரலில் நாலு வார்த்தை சொல்லியிருப்பாள், எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று. அவள் மனசு அப்படி. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவளுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மூன்று வயதில் விட்டுப்போன பிள்ளையைத் தொட அவளுக்கு வேறு கை கிடையாது, அந்தப் பிள்ளையின் கையேதான். நானாக இருந்திருந்தாலும் வேறு யாரையும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, மறைக்க ஒன்றும் இல்லை. பதினாறு வருஷமாக வாய் வலிக்கப் பேசியிருக்கிறேன், ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். வருத்தத்தோடு கூடவே வயிற்றில் என்னவோ இதமாகவும் இருந்தது.

"சொல்லும்மா. இன்னா பண்ணேன்?" என்று ப்ரியா என் தோளை உலுக்கினாள்.

"இரு, காட்டறேன்" என்று அவளை எனக்கு நேராகத் திருப்பி உட்காரவைத்தேன். நெற்றியில் கை வைத்தேன். கண் மேல், மூக்கின் மேல், மெதுவாக, நான் பார்த்தது பார்த்தபடி. காதுத் தோட்டைத் தொட்டேன். ஈரம் காயாத கூந்தலை முன்னால் எடுத்து நுனி வரை நீவினேன். தோளைப் பிடித்தேன். கடைசியில் அவள் கன்னத்தை என் உள்ளங்கையில் தாங்கினேன். பெண் பெரியவளான பிறகு நான் அவளை இப்படித் தொட்டதே இல்லை என்பது கை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இப்புடித்தான்" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, "இன்னொரு வாட்டி காட்டும்மா" என்றாள்.

காட்டினேன்.